வாடகை கேட்கப் போனவர்

“அம்மா, அந்த வீட்டை வித்துரலாம்னு இருக்கேன்.”

கிட்டங்கியம்மா கண்ணைத் திறந்தாள்.

இது சாதாரண விஷயம் இல்லை. குற்றாலிங்கம் அவளிடம் சீடராக வந்து சேர்ந்த நாள் முதல் பிரம்மம் எது, மாயை எது, போன பிறவியில் தான் யார் என்றெல்லாம் கேட்டுப் பார்த்திருக்கிறார். அப்போதெல்லாம் அம்மா கண்ணை மூடியபடியே இருப்பாள். சில நாள் லேசாகக் குறட்டையும் வரும். சீடர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, திருநீறு பூசிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

இன்றைக்குத்தான் அவள் முழித்துப் பார்த்தாள்.

“எந்த வீட்டை?”

“புது வீட்டைத்தான். வேற எந்த வீடு இருக்கு எனக்கு?”

“இப்பத்தானே அண்ணாச்சி பால் காய்ச்சினிய?”

“ஆமா.”

“இன்னும் குடியே போகலையே.”

“அதான்மா. போக முடியலை.” குற்றாலிங்கம் குரலை இறக்கினார். “உள்ள ஆள் இருக்கு.”

கிட்டங்கியம்மாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்காது. சீடருக்கோ ரிட்டயர் ஆகும் வயது. அதனால் குரு சீடரை அண்ணாச்சி என்பாள், சீடர் குருவை அம்மா என்பார். இரண்டு பேருக்கும் இதில் ஒரு சங்கடமும் இல்லை. தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போகிற ரோட்டில், யாரும் உப்பு வைக்காமல் விட்டுவிட்ட ஒரு பழைய கிடங்குக்குள், ஊர்ப் பேச்சில் கிட்டங்கிக்குள், அவள் எப்போது வந்து உட்கார்ந்தாள் என்று யாருக்கும் தெரியாது. ஊர்ப்பேரைச் சொன்னதில்லை. சொந்தப் பேரையும் சொன்னதில்லை. கிட்டங்கியில் இருப்பதால் கிட்டங்கியம்மா, அவ்வளவுதான்.

“ஆள்னா?”

“சத்தம் கேக்குது. மத்தியானம் ஆபீஸ்ல சாப்பாட்டுக்கு விட்டதும் ஒரு எட்டு போயி, ஜன்னலைத் திறந்து வச்சுட்டு வருவேன். கேட்டைத் தொடும்போதே கேக்க ஆரம்பிச்சிரும்.”

“என்ன சத்தம்?”

“செருப்பைக் கழத்துத சத்தம். சும்மா உதறிப் போட்ட மாதிரி இல்லம்மா. ஒண்ணு ஒண்ணா, மெதுவா எடுத்து வைக்கான். பெறகு பைப்பைத் திறக்கான். தண்ணி விழுற சத்தம் வெளிய கேட்கக் கூடாதுன்னு வாளிக்குள்ள ஒரு துணியைப் போட்டிருக்கான். அது மேல பொத்துப் பொத்துன்னு விழுது. பெறகு நடக்கான். குதிகாலே ஊனாம, முன்னங்கால்லயே நடக்கான்.”

“திருடனா இருக்கும்.”

“உள்ள போனா ஒருத்தரும் இல்ல. ஆனா தரை ஈரமா இருக்கு.”

குற்றாலிங்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்.

“பூட்டிக் கிடக்க வீட்டுக்குள்ள மீன் வறுத்த வாசம் வருதும்மா. அதை மறைக்க ஊதுபத்தி கொளுத்தின வாசமும் சேர்ந்து வருது.”

“அங்க யாரும் செத்திருக்காவளா?”

“விசாரிக்காம இருப்பேனா? ஒருத்தரும் சாகலை. கட்டினவரு மாறுதலாகி வடக்க போயிட்டாரு, ஒரு ராத்திரி கூட தங்கலை. அதுக்கு முன்னாடி அது வெறும் உப்பளம். சுடுகாடு கிடையாது, கிணறு கிடையாது, தூக்கு மாட்டின மரமும் கிடையாது.”

இதைச் சொல்லும்போது அவருக்கே ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஒரு பேய் என்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டாமா? பேயோட்டும் கோடாங்கி வந்தான், உடுக்கை அடித்தான், யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நாலு மூலையிலும் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டுப் போனான். மறுநாள் பார்த்தால் அந்த நாலு பழத்தையும் யாரோ எடுத்து, சுவரோரமாக ஒரே வரிசையில் அடுக்கி வைத்திருந்தார்கள். வீட்டை அழுக்காக்கக் கூடாது என்று நினைத்தது மாதிரி.

“மைனி என்ன சொல்லுதாவ?” என்று அம்மா கேட்டாள்.

மனைவி ஆவுடையம்மாளைப் பற்றிக் கேட்டதும் குற்றாலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

“அவளுக்கு ஒண்ணும் கேக்கலையாம். அந்த வீட்டுல பேய் மாதிரி நிக்கது நீங்க ஒருத்தர்தான்ங்கா. கலியாணம் ஆன நாள்ல இருந்து வாடகை வீடுதாம்மா. கீழ ஓனர் இருப்பாரு, சண்டை போட்டாக்கூட காதோட காதா குசுகுசுன்னுதான் போட்டுக்கிடுவோம். இந்த வீட்டை வித்தா திருச்செந்தூர்ல அவ அண்ணன் வீட்டுக்குப் போயிருவாளாம். இனிமே ஒரு வாடகை வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன்னு சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணிட்டா. அவ சத்தியம் பண்ணினா பண்ணினதுதான்.”

“அப்படியும் விக்கணும்ங்கிய.”

“பயமா இருக்கும்மா. எனக்குன்னு ஒரு வீடு வாங்கி அதுக்குள்ள போக எனக்குப் பயமா இருக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் புரோக்கர் தங்கமாரி ஆள் கூட்டிட்டு வாரான். அட்வான்ஸை வாங்கிட்டேன்னா முடிஞ்சுது.”



“உள்ள இருக்கவன்கிட்ட வாடகை கேட்டியளா?”

“என்னம்மா?”

“உங்க வீட்டுல ஒருத்தன் இருக்கான். வாடகை கேக்க வேண்டாமா? போயிக் கேளுங்க.”

கண்ணை மூடிக்கொண்டாள். குறட்டை வந்தது.



மறுநாள் உச்சி வெயிலில் குற்றாலிங்கம் போனார்.

அந்தப் பக்கம் புதுத் தெருக்கள். வீடுகளுக்கு நடுவே வெறும் மனைகள். தூரத்தில் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன. தெருவில் ஒரு நாய் கூட இல்லை. மரம் இல்லாத இடத்தில் காக்கைக்கு என்ன வேலை? அதுவும் இல்லை. அவர் ஸ்கூட்டரை நிறுத்தியதும் ஊரே சத்தத்தை நிறுத்திவிட்டது மாதிரி இருந்தது.

கேட்டைத் திறந்தார்.

உள்ளே செருப்பு கழன்றது. ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

திரும்பிவிடலாமா என்று பார்த்தார். ஆனாலும் குரு வாக்கு. படி ஏறினார். வாசலில் நின்று தன் செருப்பைக் கழற்றினார், ஒன்று ஒன்றாக, சத்தம் வராமல் எடுத்து வைத்தார். சாவியைக் கையில் எடுத்தார்.

‘வாடகை’ என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் போதும். 

சாவிக்கொத்து லேசாகக் குலுங்கியது.

உள்ளே நடை நின்றது. பிறகு அந்த முன்னங்கால் நடை கதவை நோக்கி வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. மரத்தில் யாரோ காதை வைப்பது கேட்டது. மூச்சு கேட்டது.

“யாரு?” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

ரொம்பத் தணிந்த குரல். தெரிந்தவர்கள் யாரோ பேசுகிற மாதிரி இருந்ததுதான் அவரை அடியோடு உலுக்கிவிட்டது.

குற்றாலிங்கம் செருப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை ஓடினார். அதற்குப் பிறகுதான் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்யலாமே என்பது ஞாபகம் வந்தது.



“வாடகை கேட்டியளா?” என்றாள் அம்மா, சாயங்காலம்.

“அவன்தான் என்னைக் கேட்டான்மா. யாருன்னு கேட்டான்.”

“நீங்க என்ன சொன்னிய?”

“ஓடி வந்துட்டேன்.”

“குரல் எப்படி இருந்துச்சு?”

“எங்கயோ கேட்ட குரல். எங்க அப்பாவோன்னு கூட நினைச்சேன். ஆனா அப்பாவுக்குக் கட்டைக் குரல்.”

அம்மா எழுந்தாள். வெளியே போனாள். கிட்டங்கியின் பெரிய தகரக் கதவை வெளியேயிருந்து இழுத்துச் சாத்தினாள்.

குற்றாலிங்கம் உள்ளே தனியாக உட்கார்ந்திருந்தார். தகரத்தில் இருந்த ஓட்டைகள் வழியே கடைசி வெளிச்சம் கம்பி கம்பியாக விழுந்துகொண்டிருந்தது. சுவரெல்லாம் பழைய உப்பு பூத்திருந்தது. மேலே எங்கேயோ ஒரு வௌவால் புரண்டது. அம்மா திரும்பி வருவாள் என்று பார்த்தார். வரவில்லை. டீ குடிக்கப் போயிருப்பாளோ என்று நினைத்தார். வெளிச்சக் கம்பிகள் ஒவ்வொன்றாக மங்கின. தன்னை இங்கே இருக்கச் சொன்னாளா, போகச் சொன்னாளா என்பதே அவருக்குக் குழப்பமாகிவிட்டது. எழுந்து நிற்கலாமா என்று யோசித்தார். யாருடைய இடமோ இது, நாம் பாட்டுக்கு நடமாடினால் யாராவது ஏதாவது சொல்வார்களோ?

தகரக் கதவு இடி விழுந்தது போல் அதிர்ந்தது.

யாரோ வெளியேயிருந்து அறைந்தார்கள். மறுபடி அறைந்தார்கள்.

குற்றாலிங்கத்தின் முழங்கால்கள் தானாக மடங்கி நெஞ்சோடு ஒட்டின. என்ன தப்புச் செய்தோம் என்று கண் நாலா பக்கமும் தேடியது. வாய் தானாகத் திறந்தது.

“யாரு?”

அந்த உயரமான கூரைக்குள் அந்தச் சொல் போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பி அவரிடமே வந்தது. தணிந்த குரல். மத்தியானம் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்ட அதே குரல்.



அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

“அம்மா, அது... அது என்...”

“நீங்க பதில் சொல்லாம வந்துட்டிய,” என்றாள் அம்மா. “பாவம், இன்னும் அந்தக் கதவுகிட்டயே நிப்பான்.”



வெள்ளிக்கிழமை வந்தது.

செத்தவன் குரலாக இருந்திருந்தால் கூடத் தேவலை என்று குற்றாலிங்கத்துக்குத் தோன்றியது. செத்தவனுக்குத் திதி கொடுக்கலாம், கழிப்புக் கழிக்கலாம். உயிரோடு இருக்கிற ஒருத்தனின் குரல் அவனுக்கு முன்னாலேயே போய் ஒரு வீட்டில் குடியேறிவிட்டால் அதற்கு எந்தக் கோயிலில் பரிகாரம்?

“நீங்களும் கூட வாங்கம்மா,” என்று கெஞ்சிப் பார்த்தார்.

“வீடு உங்களுது. எனக்கு அங்க என்ன வேலை?” என்றுவிட்டாள் அம்மா.

புரோக்கர் வருவதற்கு முன்னாலேயே தனியாகப் போனார். அதே வெயில். அதே சத்தமில்லாத தெரு. படி ஏறிப் பார்த்தார். அன்றைக்குப் போட்டுவிட்டு ஓடிய செருப்புகள் விட்ட இடத்தில் இல்லை. யாரோ எடுத்து, ஒருத்தர் காலிலும் இடறாதபடி சுவரோரமாக, ஜோடி சேர்த்து வைத்திருந்தார்கள். காலமெல்லாம் அவர் தன் செருப்பை அப்படித்தான் வைப்பார்.

சாவியை எடுக்கவில்லை. தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினார்.

நடை வந்தது. மூச்சு வந்தது.

“யாரு?”

ஓடத்தான் தோன்றியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“நான்தான். வீட்டுக்குச் சொந்தக்காரன்.”

பத்திரத்தில் இதைக் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டிருக்கிறார். வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. தன்னுடைய குரலா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

உள்ளே ஒரு டம்ளர் உருண்டது. யாரோ பதறிப் பிடித்து அதன் சத்தத்தை அமுக்கினார்கள்.

“சார்! வாங்க சார். இந்தா, சட்டையைப் போட்டுக்கிடுதேன் சார்.”

குற்றாலிங்கம் கதவு நிலையை விடவில்லை.

“வாடகை ஒண்ணாந்தேதி கரெக்டா வந்துரும் சார். சுவத்துல ஒரு ஆணி கூட அடிக்கலை, நீங்க தடவிப் பாத்துக்கிடலாம். சொந்தக்காரவுக யாரும் வந்து தங்கலை. மீன் வறுத்தோம் சார், பொய் சொல்ல மாட்டேன். ஜன்னலைச் சாத்திட்டுத்தான் வறுத்தோம்.”

அவருடைய குரல்தான். முப்பது வயசு இளமையான குரல். ஒவ்வொரு வார்த்தையும் அவர் ஏதாவது ஒரு வாசலில் நின்று யாரிடமாவது சொன்னதுதான்.

“பிள்ளை அழுதது உங்களுக்குக் கேட்டுருச்சா சார்?”

அப்போதுதான் அந்தக் குரலுக்குப் பின்னால் இன்னொரு சத்தம் இருப்பது அவருக்குத் தெரிந்தது. ஒரு கைக்குழந்தை. வாய் திறந்து அழவில்லை. எதையோ வைத்து அமுக்கிய மாதிரி, மூக்கால் விம்மியது.

“இனிமே அழாது சார். அழ விட மாட்டேன்.”

அவர் மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு வீட்டில் காய்ச்சல் கண்டு விடாமல் அழுதாள். கீழேயிருந்து ஓனர் வந்து கதவைத் தட்டினார். ஆவுடையம்மாள் மடியில் கிடந்த பிள்ளையின் வாயைப் பொத்தியது குற்றாலிங்கத்தின் கைதான். ஆவுடை அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் அவமானமாக இருக்கும், அதனால் நினைக்கவே மாட்டார்.

தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் அவருடையது இல்லை. எல்லா ஓனர்களும் பேசுவதற்கு முன்னால் அப்படித்தான் செருமுவார்கள். ‘இந்தச் சத்தமெல்லாம் நமக்குச் சரிப்படாது, வேற வீடு பாத்துக்கிடும்’ என்ற வாசகம் முழுசாக நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அதைச் சொல்ல எவ்வளவு சுகமாக இருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதில் அவருக்கு உடம்பு கூசியது.

வெளியே கார் ஹாரன் அடித்தது.

“அண்ணாச்சி!” கேட்டுக்கு வெளியே புரோக்கர் தங்கமாரி கத்தினான். “பார்ட்டி வந்தாச்சு! அட்வான்ஸ் ரெடி! கதவைத் திறங்க!”

உள்ளே விம்மல் சட்டென்று நின்றது. அந்தக் கை இன்னும் அழுத்தமாகப் பொத்தியிருக்க வேண்டும்.

“யாரு சார் அவுக?” குரல் கதவை ஒட்டி, கிட்டத்தட்ட அவர் காதுக்குள்ளேயே வந்தது. “வீட்டை வித்துட்டியளா சார்? புது ஓனரா?”

தெருவில் மறுபடி ஹாரன் அடித்தது.

“நாங்க எப்ப காலி பண்ணணும் சார்? பிள்ளைக்குக் காய்ச்சல். ரெண்டு நாள் மட்டும் பொறுத்துக்கிடுங்க சார். அவளை வச்சுக்கிட்டு நான் இந்த வெயில்ல எந்தத் தெருவுல போயி வீடு கேப்பேன்?”

குற்றாலிங்கம் கதவில் உள்ளங்கையை வைத்தார். மரம் நடுங்கிக்கொண்டிருந்தது. தன் கை நடுங்குகிறதா என்று பார்த்தார். இல்லை. அந்தப் பக்கம் வைத்திருந்த கைதான் நடுங்கியது. அவருக்குத் தெரிந்த பயம் அத்தனையும் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது.

“அண்ணாச்சி! தூங்கிட்டியளா?”

“விக்கதுக்கு இல்ல, வே!” என்றார் திரும்பாமல்.

தெருவே கேட்கிற மாதிரி ஒரு சத்தம். இத்தனை பெரிய சத்தம் தன்னிடம் இருந்தது அவருக்கே தெரியாது.

“என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லுதிய? வீடு காலியாத்தானே கிடக்கு?”

“நானும் ஆவுடையும் இன்னைக்குச் சாயங்காலம் குடி வாரோம். அவுகளைக் கூட்டிட்டுப் போவும்.”

தங்கமாரி ஏதோ சொன்னான். காரிலிருந்து ஒரு பெண் ஏதோ கேட்டாள். அதெல்லாம் அவர் காதில் விழவில்லை. அவர் குனிந்து, சாவித் துவாரத்துக்குப் பக்கத்தில் வாயை வைத்தார்.

“கையை எடுடே,” என்றார். “பிள்ளை அழட்டும்.”